டெல்லியில் நம்ம ஆளு

2025 செப்டம்பர் 10-ஆம் தேதி காலையில் வடசேரிப் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் சாயா குடித்துக்கொண்டு நின்றேன். முந்தின நாள்தான் துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. திருப்பூரில் பிறந்த சி.பி. ராதாகிருஷ்ணனுக்கு 452 வாக்குகள். எதிர்த்து நின்ற தெலங்கானாக்காரர், முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சுதர்சன் ரெட்டிக்கு 300. பக்கத்து பெஞ்சில் பேப்பரைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ராதாகிருஷ்ணன்னு போட்டிருக்கான்... நம்ம பொன்னாராக்கும்?"

"இல்ல அண்ணாச்சி. இவரு கோயமுத்தூர்ப் பக்கம். அங்க ரெண்டு தரம் எம்.பி.யா இருந்தவரு."

"அப்பம் நம்ம ஆளு இல்ல."

"தமிழர்தானே?"

"தமிழன்தான்... அதுக்கு யாரு இல்லேன்னா? நம்ம ஆளுன்னு சொல்லணும்னா..." என்று இழுத்தவர், முடிக்காமலேயே பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்.

அவர் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியம் அன்று முழுக்க என் பின்னாலேயே வந்தது. நம்ம ஆளுன்னு சொல்லணும்னா என்ன வேணும்? சொல்லுங்கள் பார்க்கலாம். மொழி போதுமா? மாநிலம் போதுமா? இல்லை, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மனசுக்குள் மட்டும் கேட்கிற அந்த மூன்றாவது கேள்வியா? எங்கள் ஊரில் ஒருத்தரைப் புதிதாகச் சந்தித்தால், "ஊர்ல எந்தப் பக்கம்? யாரு வீடு?" என்று சுற்றி வளைத்துக் கேட்பது எதற்காக என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் மாவட்டத்துக்காரனிடம் 'சொந்த மாநிலம்' என்று சொன்னாலே அவன் கொஞ்சம் யோசிப்பான். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்வதற்காக மார்ஷல் நேசமணி தலைமையில் சனங்கள் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்குத் தமிழ்நாடு பிறப்பால் வந்தது. நாங்கள் கேட்டு, அடிபட்டு வாங்கினோம். அப்படி வாங்கின பிறகும் பத்மநாபபுரம் அரண்மனை இங்கே இருக்கிறது, அதன் சாவி கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. இன்றைக்கும் அப்படித்தான்.

என் பாட்டா அந்தப் பழைய திருவிதாங்கூரில் பிறந்தவர். வயலும் வரப்பும்தான் உலகம். பேச்சிப்பாறை அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதுதான் அவருடைய அரசியல். அப்படிப்பட்டவர் 1969 ஜனவரியில் சாமி வந்த மாதிரி ஆடினார்.

நடந்தது இதுதான். 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜர் தோற்றார். ஒரு மாணவர் தலைவரிடம், 1285 ஓட்டு வித்தியாசத்தில். மறு வருஷம் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த நேசமணி காலமானார். இடைத்தேர்தலில் காமராஜர் எங்கள் தொகுதிக்கு வந்து நின்றார். எதிர்த்து, ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க.வின் ஆதரவோடு டாக்டர் மத்தியாஸ். எனக்கு ஒன்பது வயது. நுகத்தடி பூட்டிய இரட்டைக்காளைச் சின்னத்தைத் தெருச் சுவரில் சுண்ணாம்பால் வரைகிறவர்கள் பின்னாலேயே அலைந்தது நினைவிருக்கிறது. சாதிக்காரர்கள் நிறைய உள்ள தொகுதி பார்த்து வந்துவிட்டார் என்றும் பேசத்தான் செய்தார்கள். பாட்டா அந்தச் சாதி இல்லை. அவருக்கு அது ஒரு பொருட்டாகவும் இல்லை.

"லேய், சாஸ்திரிய பிரதமராக்குனது ஆரு? அவரு செத்த பொறவு இந்திரா அம்மைய கொண்டு இருத்துனது ஆரு? இருத்தத் தெரிஞ்சவனுக்கு எறக்கத் தெரியாதா? இந்த ஓட்டு எம்.பி.க்குன்னு நெனச்சியா? பிரதமருக்காக்கும்!" என்பார் அப்பாவிடம்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தி.மு.க. அனுதாபி. கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு ஒன்று பெட்டிக்குள் வைத்திருப்பார், வெளியில் போடமாட்டார். "அவரே வேண்டாம்னு சொன்ன நாற்காலி அப்பா அது. 64-லயும் சொன்னாரு, 66-லயும் சொன்னாரு. இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் சரியா வராது, என்னத்துக்குன்னு அவரே கேட்டதாட்டு சொல்லுகா. நீங்க எதுக்கு அதுக்கு ஓட்டு போடணும்?" என்று திருப்பிக் கேட்பார்.

"அவன் வேண்டாம்னு சொன்னது அவனுக்க யோக்கியதை. நாம வேணும்னு சொல்லது நமக்க யோக்கியதை" என்றார் பாட்டா.

இன்றைக்கு நினைத்தால், இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அன்றைக்கு நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. ஆமாம், நம்புங்கள். பிரதமர்களை உண்டாக்குகிற மனுஷனை எம்.பி.யாக அனுப்பத் தயாராக இருந்த ஊரில், தண்டவாளம் வந்து ரயில் ஓடியது 1979-ல்தான். டெல்லிக்குப் போகவேண்டுமென்றால் முதலில் பஸ் ஏறித் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகவேண்டும். அப்படிப்பட்ட தொலைவில் இருந்துகொண்டுதான் பாட்டா டெல்லி நாற்காலிக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

காமராஜர் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். சேதி வந்ததும் பாட்டா வடசேரிச் சந்தைக்குப் போய் ஒரு பெரிய மட்டிப்பழக் குலை வாங்கிவந்து படிப்புரை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். தெருவில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் ஒவ்வொரு பழம். மட்டிப்பழம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, விரல் நீளந்தான் இருக்கும், வீட்டுக்குள் ஒரு குலை பழுத்தால் தெருவே மணக்கும். கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம். எனக்கு மூன்று கிடைத்தது. அம்மைக்கு இரண்டு. அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து படியேறினார். பாட்டா குலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். "மக்கா, ஒனக்க அப்பன்கிட்ட சொல்லு, நாளைக்கு வயலுக்கு ஆள் வருவு."

பாட்டா நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே குடியரசுத் தலைவர் தேர்தல் வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. எங்கள் எம்.பி. அந்தப் பக்கம். இந்திரா காந்தி மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார். அவருடைய பக்கத்து ஆள் வி.வி. கிரி. தி.மு.க.வும் கிரி பக்கம். கிரி 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் மந்திரியாக இருந்தவர். சஞ்சீவ ரெட்டி அனந்தப்பூர்க்காரர். இரண்டு பேருமே பழைய சென்னை மாகாணத்து ஆட்கள்தான் என்றாலும், அன்றைக்கு யாரும் 'நம்ம ஆளு' என்று பேசினதாக எனக்கு நினைவில்லை. இரண்டாவது விருப்ப ஓட்டுகளையும் எண்ணித்தான் கிரி ஜெயித்தார். 4,20,077-க்கு 4,05,427. இரண்டாவது விருப்பத்தை எண்ணின குடியரசுத் தலைவர் தேர்தல் அது ஒன்றுதான். நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. இருத்தத் தெரிந்தவருக்கு இறக்க முடியாமல் போயிற்று.

இந்தக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நமக்கு என்ன பங்கு என்று ஒரு தரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 4 கோடியே 11 லட்சத்துச் சொச்சம். அதை 234 எம்.எல்.ஏ.க்களால் வகுத்து, வருவதை ஆயிரத்தால் வகுத்தால் 176. ஒரு தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு அது. உத்தரப் பிரதேசத்து எம்.எல்.ஏ.வுக்கு 208, சிக்கிம்காரருக்கு 7. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆறு எம்.எல்.ஏ. ஆக 1,056. எம்.பி. ஒருத்தர். 2022 தேர்தலில் எம்.பி.யின் மதிப்பு 700. மொத்தம் 1,756. நாடு முழுக்க அந்த வருஷம் இருந்த மொத்த மதிப்பு 10,86,431. பேச்சிப்பாறைத் தண்ணீரில் ஒரு செம்பு மொண்ட மாதிரிதான். அதையும் நாம் மொள்ளவில்லை, நம் சார்பில் ஏழு பேர் மொள்கிறார்கள். சாயக்கடையில் தொண்டை வறளக் கத்துகிற நமக்கு நேராக ஒரு ஓட்டும் கிடையாது.

ஓட்டு இல்லாத இடத்தில்தானே அபிப்பிராயம் அதிகம்! கே.ஆர். நாராயணன் 1997-ல் நின்றபோது, எதிர்த்து நின்றவர் பாலக்காட்டுத் தமிழரான டி.என். சேஷன். தேர்தல் கமிஷனராக இருந்து எல்லாக் கட்சிக்காரர்களையும் விரட்டின மனுஷன். எங்கள் தெருவில் இளவட்டங்கள் சேஷன் பக்கம் பேசினார்கள். அப்பா மட்டும், "நாராயணன் திருவிதாங்கூர்ல பொறந்தவரு. திருவிதாங்கூர் யுனிவர்சிட்டியில படிச்சவரு. நானும் திருவிதாங்கூர்ல பொறந்தவன். எனக்க ராஜ்யத்துக்காரன் அவருதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பொய்யில்லை. இவரே இந்த மண் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கூட்டத்துக்குப் போன இளைஞராக இருந்தவர்தான். மனுஷனுக்குச் சொந்த மாநிலம் ஒன்றுதான் இருக்கவேண்டும் என்று சட்டமா?

2002-ல் இன்னும் வேடிக்கை. அப்துல் கலாம் ராமேஸ்வரத்துக்காரர். எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்தின கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கினவர். நின்ற இரண்டு பேருமே தமிழ்நாட்டில் பிறந்தவர்கள்! இது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஓட்டு 9,22,884-க்கு 1,07,366. இங்கே கலாமுக்கு இன்னொரு பாத்தியதையும் உண்டு. தும்பாவில் ராக்கெட் விட்ட காலத்தில் இருபது வருஷத்துக்குப் பக்கமாகத் திருவனந்தபுரத்தில் இருந்தார். நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். "நம்ம ஆளு" என்று அவர்கள் சொன்னபோது அதில் மொழியும் இல்லை, மதமும் இல்லை. ஒரே கேன்டீனில் சாப்பிட்ட உரிமை இருந்தது.

அதற்காக, டெல்லியில் நம்ம ஆளு உட்கார்ந்தால் ஊருக்குள் பாலும் தேனும் ஓடும் என்று நான் சொல்லவரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. அப்போது மத்தியில் கப்பல்துறை இணை அமைச்சராக இருந்தவர் இந்தத் தொகுதியின் எம்.பி., பொன். ராதாகிருஷ்ணன். பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். இரண்டு பேரும் தமிழ் பேசுகிறவர்கள், இங்கே நேரில் வந்தவர்கள். ஆனாலும் கடலுக்குப் போனவர்களைத் தேடச் சொல்லி மீனவக் குடும்பங்கள் குழித்துறையில் ரயில் பாதையில் போய் உட்காரவேண்டியிருந்தது. நம்ம ஆளு இருக்கும்போது கோபம் குறையாது, கூடத்தான் செய்யும். தெரியாதவன் வராவிட்டால் மனசு ஆறிவிடும். தெரிந்தவன் நேரத்துக்கு வராவிட்டால் ஆறுமா?

வேறு மாநிலக்காரர்கள் இதில் நம்மைவிட விவரம் என்று நினைப்பேன் சில சமயம். 2007-ல் பிரதீபா பாட்டீல் நின்றபோது, எதிரணியில் இருந்த சிவசேனா மராட்டியப் பெண் என்று சொல்லி அவருக்கு ஓட்டுப் போட்டது. 2022-ல் திரௌபதி முர்முவுக்கு ஒடிசாவின் பிஜு ஜனதா தளம் போட்டது. நாம்? 1997 ஏப்ரலில் மூப்பனார் பெயர் பிரதமர் பதவிக்கு அடிபட்டது. அப்போது எங்கள் எம்.பி. டென்னிஸ் மூப்பனாருடைய த.மா.கா.தான். இரண்டு நாள் சாயக்கடைகள் அமளிப்பட்டன. மூன்றாம் நாள் குஜ்ரால். 2012-ல் மறுபடியும் கலாம் வரவேண்டும் என்று நாடெங்கும் பேச்சு. தி.மு.க. பிரணாப் முகர்ஜி பக்கம், அ.தி.மு.க. சங்மா பக்கம். கலாம் போட்டியில்லை என்று அவராகவே சொல்லிவிட்டார். வடசேரிச் சாயக்கடையில் அன்றைக்கு ஒரு பெட்டி வைத்திருந்தால் ஓட்டு எங்கே விழுந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், கட்சிகளையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியவில்லை. கொள்கை, கூட்டணி என்று சொல்லித்தானே ஓட்டு வாங்குகிறார்கள். மண்ணின் மைந்தன் என்றதும் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓடவேண்டும் என்றால் அதற்கும் ஒரு அசிங்கம் உண்டு. 2025-ல் தமிழர் என்பதற்காக சி.பி. ராதாகிருஷ்ணனுக்குத் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் போடவேண்டும் என்று கேட்டவர்கள், தெலுங்கர் என்பதற்காக சுதர்சன் ரெட்டிக்கு ஆந்திரக்காரர்கள் போடவேண்டும் என்று கேட்கவில்லையே!

2012 ஜூனில், கலாம் விலகினதாகச் செய்தி வந்த அன்று ராத்திரி, அப்பா டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியாயிற்று. காது மந்தம், ஆனால் செய்தி விடமாட்டார். கட்சி இப்படிப் பண்ணிவிட்டதே என்று நான் சொன்னேன், கொஞ்சம் சீண்டுவதற்காகத்தான். அவர் டி.வி.யை நிறுத்தச் சொன்னார்.

"எழுவத்தொண்ணுல நானும் காமராஜருக்குத்தான் போட்டேன்" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. 1971 மார்ச்சில் சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல். இரண்டு சீட்டு. தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் கூட்டணி. தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38-ஐ அள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்தாபன காங்கிரஸ் ஜெயித்த ஒரே இடம் நாகர்கோவில், காமராஜர். அந்த அலையில் அவர் ஜெயிக்கவேண்டும் என்றால், வேறு கட்சிக்காரர்கள் எத்தனையோ பேர் ரகசியமாக ராட்டை சுற்றும் பெண்ணுக்குக் குத்தியிருக்கவேண்டும். அந்த ரகசியக்காரர்களில் ஒருத்தர் என் வீட்டிலேயே நாற்பத்தொரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"சட்டசபைக்குக் கட்சி சொன்ன ஆளுக்குப் போட்டேன். மத்த சீட்ட கையில வச்சுக்கிட்டு நின்னேன் பாத்துக்கோ. விருதுநகர்ல தோத்த மனுசன் இங்க வந்து நின்னு, நம்மகிட்ட கேட்டாரு. இனி பிரதமராக மாட்டாருன்னு எனக்குத் தெரியும். ஒங்க பாட்டா நெனச்ச மாதிரி நான் நெனக்கல. ஆனா இங்கயும் தோத்து திரும்பிப் போனா, நாம அடிச்சு வெரட்டுன மாதிரி ஆயிராதா?"

"பாட்டாகிட்ட சொன்னீங்களா?"

"எப்பிடிச் சொல்ல? ரெண்டாவது தடவையும் குலை வாங்கித் தொங்கவிட்டாரே, ஞாபகம் இல்லையா? சொன்னா, பழத்துக்காகச் சொன்னதாட்டு ஆயிரும்."

ஞாபகம் இருந்தது. அந்தத் தடவையும் அப்பா படியேறினபோது பாட்டா எழுந்து தொழுவத்துக்குப் போனார். 1974-ல் பாட்டா போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி காமராஜர். கடைசிக் காலத்தில் பாட்டாவும் அப்பாவும் பேசிக்கொண்டார்கள்தான். வயல், மாடு, மருந்து, அவ்வளவு. இந்தப் பேச்சு மட்டும் வரவேயில்லை.

அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். நான் டி.வி.யைப் போடலாமா என்று ரிமோட்டைத் தேடினேன். அப்போதுதான், யாரிடமோ வழக்குப் பேசுகிற குரலில் சொன்னார்.

"நியாயப்படி பாத்தா, அந்தக் கொலையில ரெண்டு பழம் எனக்குள்ளதாக்கும்."